இட்லித் தட்டில் திருகாணிகள்!

"மோட்டார் ரிப்பேர் என்பது புருஷர்கள் பாடு. அதைப் பற்றி எழுத உனக்கு என்ன அம்மா அவசரம்?" என்று சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சென்ற டிசம்பர் மாதம் வரையில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரில் ஏறி உட்கார வேண்டியது, சாவியைத் திருப்ப வேண்டியது, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. அதற்குமேல் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கு வேண்டும்? ஆனால் ஒரு நாள் மாலை, என் எட்டு வயதுப் பெண்ணைப் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு, இருட்டில், உறைபனி ரஸ்தாவில், கண் இருந்தும் குருடியாக ஐந்து நிமிஷம் காரோட்டினேன். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்துவிட்டது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மினஸோட்டா மாகாணத்து மினியாபொலிஸ் நகரத்தில். மார்கழி, தை மாதங்களில் இங்கே ஜீரோவுக்குக் கீழே 20 டிகிரி என்பது சர்வ சாதாரணம். ஏரிகளெல்லாம் கல்லாக உறைந்துவிடும். பனிக்கட்டி போதிய கனமாகிவிட்டால் ஜனங்கள் ஏரி மேலேயே காரை ஓட்டிக்கொண்டு போய், துளை போட்டு மீன் பிடிப்பார்கள்! இப்படிப்பட்ட ஊரில் காரில் ஹீட்டர் என்பது சௌகரியம் அல்ல, உயிர்க் கவசம்.

எங்கள் கார் 1998-ஆம் வருஷத்து வண்டி. என் பெண்ணைவிட வயதில் மூத்தது. கோடைக்கு ஏர்கண்டிஷன், குளிருக்கு ஹீட்டர், இரண்டும் உண்டு. சொன்ன பேச்சுக் கேட்கும் சாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போய்வர எனக்கு அதுதான் கதி.

பாகு வாசனை

"அம்மா! வெல்லப் பாகு காய்ச்சற வாசனை வருதே!" என்றாள் பெண், பின் ஆசனத்திலிருந்து.

உண்மையில் இரண்டு மாதங்களாகவே அந்த வாசனை லேசாக வந்துகொண்டிருந்தது. வலப்பக்கத்து ஆசனத்தின் காலடியில் விரிப்பு ஈரமாயிருந்ததையும் பார்த்தேன். பூட்ஸில் ஒட்டிய பனி உருகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் தடவினாற்போல ஒரு மெல்லிய படலம் இருந்தது. அதையும் துடைத்துவிட்டு மறந்தேன். நோயாளிகளிடம் "முதல் அறிகுறியிலேயே ஏன் வரவில்லை?" என்று கடிந்துகொள்கிறவள் நான்தான்!

அன்று மாலை கண்ணாடிப் பனியைப் போக்க ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தேன். அடுத்த கணம் 'புஸ்' என்று டாஷ் போர்டுக்குள்ளிருந்து வெள்ளை ஆவி கிளம்பிக் கண்ணாடி முழுவதும் படிந்துவிட்டது. கழுத்துத் துணியால் துடைத்தேன். பிசுக்குப் பிசுக்கென்று இன்னும் மோசமாயிற்று. எதிரே வரும் விளக்குகள் மங்கலான பூசணிப் பூக்களாகத் தெரிந்தனவே தவிர, பாதை தெரியவில்லை. ஹீட்டரை நிறுத்தினேன். பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். அந்த ஊசிக் குளிரில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, நத்தை வேகத்தில் ஓட்டி, ஒரு கடை வாசலில் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று. குளிரினால் மட்டும் வந்த நடுக்கம் அல்ல அது.

டெலிபோனில் கூப்பிட்டதும், என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுத் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தாத்தா நாற்பது வருஷம் மோட்டார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். காரின் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"ஹீட்டர் கோர் போய்விட்டது, அம்மா" என்றார்.

காருக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர்

அது என்ன ஹீட்டர் கோர்? தாத்தா எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஓடுகிற என்ஜின் ஓர் அடுப்பு மாதிரி. அது உருகிப் போகாமலிருக்க, அதைச் சுற்றி ஒரு திரவத்தை ஓடவிடுகிறார்கள். அதற்குக் கூலண்ட் என்று பெயர். தண்ணீரும் எதிலீன் கிளைக்கால் என்ற ரசாயனமும் பாதிக்குப் பாதி கலந்தது. வெறும் தண்ணீர் ஜீரோவில் உறைந்துவிடும். இந்தக் கலவையோ ஜீரோவுக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. என்ஜினில் ஓடும்போது சுமார் 90 டிகிரி சூட்டில் இருக்கும். நம் பிரஷர் குக்கரில் இருக்கிறதே, ஏறக்குறைய அதே அளவு அழுத்தத்தில் மூடி வைத்திருப்பதால் கொதித்துப் போவதில்லை.

இந்தச் சூடான திரவம் முன்புறத்துப் பெரிய ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிட்டு வருகிறது. அதில் ஒரு பங்கை மட்டும் இரண்டு ரப்பர்க் குழாய்கள் வழியாக, என்ஜினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரைத் தாண்டி, டாஷ் போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குக் கொண்டு வருகிறார்கள். தடித்த பஞ்சாங்கம் அளவுதான் இருக்கும். மெல்லிய குழாய்கள், அவற்றின் மேல் மடிப்பு மடிப்பாக அலுமினியத் தகடுகள். அதன் வழியாக விசிறி காற்றை ஊதினால் நமக்குக் கதகதப்பு. என்ஜின் வேண்டாமென்று தள்ளுகிற சூட்டையே நாம் குளிர்காய உபயோகப்படுத்துகிறோம். தோசை வார்த்த பிறகு ஆறும் அடுப்பில் வெந்நீர் போடுகிற சிக்கனம்தான்!

கூலண்டில் துருப்பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த மருந்து செத்துவிடும். பிறகு திரவமே உலோகத்தை உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். பெரிய ரேடியேட்டர் ஓட்டையானால் தரையில் சொட்டி நமக்குக் காட்டிக் கொடுக்கும். ஹீட்டர் கோர் ஓட்டையானாலோ காருக்குள்ளேயே கசியும். பாகு வாசனை, கண்ணாடியில் பிசுக்கு, காலடியில் ஈரம், தரையில் சொட்டாமலே குறைந்துகொண்டு வரும் கூலண்ட், இந்த நாலும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏர்கண்டிஷன் உள்ள காரில் ஒரு மயக்கம் உண்டு. குளிரும் பெட்டியில் சேரும் தண்ணீர் வெளியே போகிற துளை அடைத்துக்கொண்டாலும் காலடி ஈரமாகும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். அது வெறும் தண்ணீர். விரலில் தேய்த்தால் வழுக்காது, வாசனையும் இராது. ஆனால் தயவு செய்து யாரும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்! எதிலீன் கிளைக்கால் தித்திக்கும் விஷம். நாயும் பூனையும் நக்கிச் செத்துப் போவதுண்டு. சிறு குழந்தைகளுக்கும் பேராபத்து. சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

என்ஜின் நன்றாக ஆறும்வரை தாத்தா காத்திருந்தார். பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். கூலண்ட் உள்ளே வராது; கசிவும் இல்லை. ஆனால் ஹீட்டரும் இல்லை! கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

கூலியா, சாமானா?

மறுநாள் ஒரு பட்டறையில் விசாரித்தோம். ஹீட்டர் கோரின் விலை 70 டாலர். மாற்றும் கூலியோ 1,300 டாலர்! காரை விற்றாலே அவ்வளவுதான் வரும்.

ஏன் இத்தனை கூலி? இங்கே மெக்கானிக்குகளிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: தொழிற்சாலையில் முதலில் ஹீட்டர் கோரை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, பிறகு அதைச் சுற்றிக் காரைக் கட்டுவார்களாம்! கருப்பைக்குள் குழந்தை மாதிரி அது அவ்வளவு உள்ளே இருக்கிறது. ஏர்கண்டிஷன் இல்லாத பழைய கார்களில் பெரும்பாலும் வேலை சுலபம். ஏர்கண்டிஷன் வந்த பிறகுதான் ஹீட்டர் கோரும், எவாப்பரேட்டர் என்ற குளிரும் உறுப்பும், ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்றைத் தொடவேண்டுமானால் மற்றதையும் கழற்ற வேண்டும்.

இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் அர்த்தம் உண்டு. காற்று முதலில் எவாப்பரேட்டர் வழியாகப் போய் ஈரத்தை இழந்து காய்கிறது. பிறகு ஹீட்டர் கோரில் சூடாகிறது. காய்ந்த சூடான காற்றுக்குத்தான் கண்ணாடி ஈரத்தைச் சட்டென்று குடிக்கும் சக்தி உண்டு. ஆகையால்தான் பல கார்களில் கண்ணாடிப் பொத்தானை அழுத்தினால், குளிர் நாளிலும் ஏர்கண்டிஷன் தானாக ஓடுகிறது. கடுங்குளிரில் மட்டும் அது ஓடாது.

இந்தச் சௌகரியங்களின் பூர்வ கதையும் ரஸமானது. 1893-ஆம் வருஷத்திலேயே சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி வண்டிச் சூடேற்றி ஒன்றுக்குப் பேடண்ட் வாங்கியிருக்கிறாள். மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு 1903-ல் பேடண்ட் வாங்கிய மேரி ஆண்டர்சனும் பெண்தான். மோட்டாருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாரும் சொல்லவேண்டாம்! 1940-ஆம் வருஷத்துப் பாக்கார்ட் காரில் முதன்முதலாக ஏர்கண்டிஷன் வைத்து விற்றார்கள். சாமான் வைக்கும் பின்பெட்டியில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டுமானால் காரை நிறுத்தி, இறங்கி, என்ஜின் மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! சூட்டையும் குளிரையும் முன்புறத்தில் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது 1954-ஆம் வருஷத்து நாஷ் கார்.

நிற்க. எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அது கோடையில் திருச்சிக்குப் போய் என் அம்மாவைப் பார்ப்பதற்காக எடுத்து வைத்த பணம். அம்மாவுக்கு எண்பது வயது. பார்த்து மூன்று வருஷமாயிற்று.

"ஹீட்டர் இல்லாமலே ஓட்டினால் என்ன? ரெண்டு கம்பளி போர்த்திக்கலாமே!" என்றார் இவர்.

"கண்ணாடிக்கு யாருங்க கம்பளி போர்த்துவாங்க?" என்றேன். மேற்கொண்டு பேச்சில்லை.

கடைசியில் தாத்தா வழி சொன்னார். "என் கராஜில் சூடு உண்டு. கருவிகள் உண்டு. கைதான் நடுங்குகிறது. நீங்கள் இருவரும் கை கொடுத்தால் சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடித்துவிடலாம்."

"யாருக்குத் தெரியும்?"

முதல் சங்கடம் ஏர்கண்டிஷன் வாயு. பெட்டியை வெளியே எடுக்க, அந்த வாயு ஓடும் குழாய்களைப் பிரித்தாக வேண்டும். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வாயு அது. கையில் பட்டால் சதை உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பழைய கார்களில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. அது ஆகாயத்திலுள்ள ஓஸோன் படலத்தை அரித்தது. 1987-ல் மாண்ட்ரீல் நகரத்தில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. 1995 முடிவோடு அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்றது. அதற்குப் பதிலாக வந்ததுதான் எங்கள் காரிலுள்ள ஆர்-134ஏ. ஓஸோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடேற்றுவதில், நூறு வருஷக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் 1,300 மடங்கு வல்லமை! வேண்டுமென்று வெளியே விடுவது இங்கே சட்டப்படி குற்றம். பயிற்சி பெற்ற ஆள் யந்திரத்தால் உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு தொகை; திரும்ப நிரப்ப இன்னொரு தொகை.

"ராத்திரி கொல்லைப்புறத்துல திறந்துவிட்டா யாருக்குத் தெரியும்?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற பெண் நிமிர்ந்து, "நமக்குத் தெரியுமே, அப்பா!" என்றாள்.

இவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனார். பட்டறையில் முப்பது நிமிஷத்தில் வாயுவை உறிஞ்சிக் கொடுத்துவிட்டார்கள்.

இட்லித் தட்டு

சனிக்கிழமை காலை. முதலில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். டாஷ் போர்டுக்குள் விபத்துக் காலத்தில் வெடித்து விரியும் காற்றுப்பை இருக்கிறது. மின்சாரம் முற்றும் வடியாமல் கை வைத்தால், அது நம் முகத்திலேயே வெடிக்கக்கூடும்.

பிறகு ஆறிய கூலண்டைப் பேஸினில் வடித்து மூடி வைத்தோம். இரும்புச் சுவர் அருகே ஹீட்டர் குழாய்களைக் கழற்றும்போது, "முறுக்கி இழுக்கக் கூடாது. கத்தியால் ரப்பரைக் கீறி உரி" என்றார் தாத்தா. பலமாக இழுத்தால் உள்ளிருக்கும் மெல்லிய உலோகக் குழாய் முறிந்துவிடுமாம். பழைய கோர் போனால் போகிறது. புதியதிலும் அந்தக் கை பழகிவிடக் கூடாது அல்லவா? ஏர்கண்டிஷன் குழாய்களைப் பிரித்தவுடன் வாய்களை இறுகக் கட்டினோம். காற்றிலுள்ள ஈரம் உள்ளே போனால் அதற்கு ஆகாது.

அப்புறம் ஆரம்பித்தது திருகாணி மழை! ரேடியோ, கையுறைப் பெட்டி, நடுப் பலகை, ஸ்டீரிங்கின் அடிமூடி... நெட்டை, குட்டை, தட்டைத் தலை, உருண்டைத் தலை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு ஜாதி. இவர் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட ஆரம்பித்தார்.

"என்னங்க இது! கடுகையும் மிளகையும் ஒண்ணாப் போட்டு வைப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப் பழைய இட்லித் தட்டு நாலையும் எடுத்து வந்தேன். கல்யாணத்தின்போது அம்மா கொடுத்தது. ஒரு குழி, ஓர் இடத்துத் திருகாணி. ஒவ்வொரு குழியிலும் ஒரு காகிதத் துண்டு: 'ரேடியோ, 4', 'கையுறைப் பெட்டி, 7'. பிரிக்கும் ஒவ்வொரு கம்பியையும் பெண் டெலிபோனில் படம் பிடித்துக்கொண்டாள். தாத்தா தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாற்பது வருஷம் இது இல்லாமல் வீணாக்கிவிட்டேனே!" என்றார்.

டாஷ் போர்டை மூன்று பேராகப் பிடித்துப் பின்னுக்கு நகர்த்தினோம். என்ஜின் பக்கத்து நட்டுகளை அவிழ்த்ததும், கறுப்புப் பெட்டி வெளியே வந்தது. பிளந்து பார்த்தால் காய்ந்த இலை, பைன் ஊசி, ஒரு சுண்டெலி கட்டிய பஞ்சுக் கூடு! மூலையில் நம்முடைய குற்றவாளி, பச்சைக் காறல் பூத்து உட்கார்ந்திருந்தது.

புதியதை உடனே பொருத்தவில்லை. ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பால் கொஞ்சம் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார் தாத்தா. குமிழி வரவில்லை. "பாத்திரம் வாங்கும்போது நீங்கள் தட்டிப் பார்ப்பதில்லையா? அதுதான்" என்றார். தண்ணீர் போகும் துளையை நான் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். எவாப்பரேட்டரைக் கழுவி, உதிர்ந்து போன பழைய பஞ்சுப் பட்டைகளுக்குப் பதில் புதியவை ஒட்டினோம். அவை இல்லாவிட்டால் சூடும் குளிரும் இடுக்கு வழியே ஓடிப் போய்விடும். என்ஜினுக்குள் இருந்த பழைய துருவும் போகும்படி தண்ணீர் விட்டு அலசினோம். அந்தத் துரு புதுக் கோரை அடைத்தால் எல்லா உழைப்பும் வீண்.

மிச்சமான ஒரு திருகாணி

ஞாயிறு சாயங்காலம் எல்லாம் பூட்டியாயிற்று. புதுக் கூலண்ட் ஊற்றி, பாட்டரியை இணைத்து, என்ஜினை ஓட்டினோம். விசிறிப் பொத்தானை அழுத்தினேன்.

மூச்சு இல்லை!

இவர் முகம் சுண்டிப் போயிற்று. மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பதா? என் கண்ணெதிரே திருச்சி ரயில்வே ஸ்டேஷன் மெல்ல மெல்ல நகர்ந்து போயிற்று.

"அம்மா, இட்லித் தட்டுல ஒண்ணு பாக்கி!" என்றாள் பெண்.

மூன்றாவது தட்டின் ஒரு குழியில் தனியாக ஒரு திருகாணி. காகிதத்தில் என் கையெழுத்து: 'கறுப்புக் கம்பி, வலப்பக்க உதைபலகை, 1'. தாத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். விசிறியின் எர்த் கம்பியைக் காரின் உடம்போடு சேர்க்கும் திருகாணி அது! அது இல்லாமல் மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழி ஏது? நல்ல வேளையாக, எதையும் பிரிக்காமல் கை எட்டும் இடம். நானே குனிந்து பூட்டினேன்.

'விர்ர்' என்று விசிறி கிளம்பிற்று. முதலில் டாஷ் போர்டுக்குள் 'களக் களக்' என்று சத்தம். உள்ளே சிக்கிய காற்று அது. காரின் மூக்கைச் சற்று உயர்த்தி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, கூலண்ட் இறங்க இறங்க ஊற்றினோம். சத்தம் அடங்கிற்று. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... என் முகத்தில் வெதுவெதுவென்று காற்று வந்து மோதியது. பாகு வாசனை இல்லை. அம்மா வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தாற்போல இருந்தது.

மறுநாள் பட்டறையில் ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் புதிதாக மாற்றினார்கள். பிறகு காற்றையும் ஈரத்தையும் யந்திரத்தால் இழுத்து வெற்றிடமாக்கி, ஏர்கண்டிஷன் வாயுவை நிரப்பினார்கள். சாமான், வாயு, கூலண்ட் எல்லாம் சேர்த்து ஆன செலவு 390 டாலர். மிச்சப் பணம் உண்டியலில் பத்திரம்.

சகோதரிகள் எல்லோரும் டாஷ் போர்டைப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காற்றுப்பையும் வாயுவும் விளையாட்டல்ல. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது. ஆனால் வாசனை வந்தால் மூக்கை நம்புங்கள். ஈரம் இருந்தால் தொட்டுப் பாருங்கள். கூலண்டைக் காலத்தில் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்னால் நான் அதைச் செய்திருந்தால், அந்த ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையில் வந்திருக்காது.

அம்மாவிடம் டெலிபோனில் எல்லாக் கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டி, தட்டை நல்லாப் புளி போட்டுத் தேய்ச்சியா?"

தேய்த்தேன் அம்மா. ஆனாலும் அதில் இனி இட்லி வார்ப்பதில்லை. அது தாத்தாவின் கராஜ் அலமாரியில் இருக்கிறது. புதுத் தட்டு வாங்கத்தான் கோடையில் திருச்சிக்கு வருகிறேனே!